எங்கே பெருக்கினாலும் ஆறு

அறிவிப்புப் பலகையில் இரண்டே பெயர்கள் ஒட்டியிருந்தன. முதலாவது அவளுடையது. இரண்டாவது அவளுடைய ஓரகத்தியுடையது.

தொழிற்சாலையில் எல்லாரும் அவளை ‘மூணாம் நம்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் எண் மெஷினில் பதினான்கு வருஷமாக நிற்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் அவள் பெரியவள். கணவனுடைய தம்பியின் மனைவி சின்னவள். இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு குடும்பம். ஒரே அடுப்படி, ஒரே குளியலறை, ஒரே பேருந்து. அன்று காலையும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் சாப்பாட்டு டப்பாக்களை மூடினார்கள். விண்ணப்பம் போட்ட விஷயத்தைப் பற்றி மட்டும் சின்னவள் மூச்சு விடவில்லை.

பெரியவளும்தான் சொல்லவில்லை. ஆனால் அது வேறு. மூத்தவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

கம்பெனி ஒரே ஒருவரை இரண்டு வருஷ மெக்கானிக் பயிற்சிக்கு அனுப்பப் போகிறது. அதற்கு மாலை வகுப்பில் கணக்குப் படித்து அறுபது மதிப்பெண் எடுக்க வேண்டும். பிறகு மெஷினில் ஒரு செய்முறைத் தேர்வு. வயது வரம்பு நாற்பத்திரண்டு. பெரியவளுக்கு நாற்பத்தொன்று நடக்கிறது. அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது அவள் வரம்புக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இது தப்பினால் அவ்வளவுதான். சின்னவளுக்கு இருபத்தொன்பது.

“முதலாளிகிட்ட சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் குடுத்தது யாரு? நான்” என்று அன்று பேருந்து நிறுத்தத்தில் பெரியவள் என்னிடம் சொன்னாள். “ஊசி இடம் குடுத்தாதானே நூல் நுழையும்? நான்தான் அந்த ஊசி.”

நானும் அந்த மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். என் கதை இங்கே வேண்டாம். வாரம் இரண்டு நாள் வகுப்பு முடிந்தபின் பெரியவள் என்னிடம் புலம்புவாள். கேட்கிற காது எனக்கு உண்டு. திருப்பிச் சொல்லும் தைரியம் இல்லை. அதனால்தான் என்னிடம் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அவளுடைய வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் பில் அடிக்கும் மெஷினுக்குள் ஒரு சின்னத் தாள் சுருள் இருக்குமே, அதைச் செய்யும் இடம் அது. இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய சுருள் வந்து இறங்கும். அதற்குத் தாய் ரோல் என்று பெயர். அதிலிருந்து தாள் பிரிந்து, கத்திகளுக்கு நடுவே ஓடி, பட்டை பட்டையாக அறுபட்டு, மறுமுனையில் அட்டைக் குழாய்களின் மேல் சுற்றிக்கொள்ளும். அவை குட்டி ரோல்கள்.

புது மெஷின்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். மூன்றாம் நம்பர் பழசு. அட்டைக் குழாய்களைச் சுழற்றும் தண்டின் வேகத்தை அதில் கையால்தான் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு திருகு; அதைச் சுற்றி ஒன்று முதல் ஆறு வரை எண்கள். குழாய் வெறுமையாக இருக்கும்போது ஆறில் தொடங்க வேண்டும். ஆறு என்றால் நிமிடத்துக்கு அறுநூறு சுற்று. குட்டி ரோல் பருக்கப் பருக்கத் திருகை இறக்கிக்கொண்டே வந்து ஒன்றரையில் முடிக்க வேண்டும். இறக்காவிட்டால் தாள் விறைத்து, சீறி, பட்டென்று அறுந்துவிடும். தொடங்கி முடிக்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் பெரியவள் கடிகாரமும் பார்க்கமாட்டாள், எண்ணும் பார்க்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு திருகைத் திருப்புவாள்.

“எப்படித் தெரியுது?” என்று யாராவது கேட்டால், “கை சொல்லும்” என்பாள்.

சின்னவளுக்குப் பேக்கிங் மேசை. மூன்றாம் நம்பருக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி. முடிந்த குட்டி ரோல்களை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி, நாடா ஒட்டி அனுப்புவது அவள் வேலை. வந்த மூன்றாம் மாதமே இரண்டு பேர் செய்கிற பெட்டிகளை ஒருத்தியாகச் செய்தாள். வீட்டிலும் அப்படித்தான். அவள் மடித்து வைத்த துணி கடையில் வாங்கியதுபோல இருக்கும். பெரியவள் மடித்தது துணிபோல இருக்கும். இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரியவளின் கணவன் ஒரே ஒரு முறை, “சின்னப் பொண்ணு சட்டை மடிக்கிற அழகைப் பாரு” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு மாதம் தன் சட்டையைத் தானே மடித்துக்கொண்டார்.

வகுப்பில் ஒரு மாலை நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இருவரும் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு டீச்சர் பலகையில் ஒரு சக்கரம் வரைந்தார். மையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, விளிம்பில் ஒரு புள்ளி.

“சக்கரம் சுத்துது. உள்ள ஒரு புள்ளி, வெளியில ஒரு புள்ளி. எது வேகமா போகுது?”

கேள்வி என்மேல் விழுந்துவிடப் போகிறதே என்று நான் பேனா மூடியைத் தேடத் தொடங்கினேன். பெரியவளுக்கு அந்தப் பயமே இல்லை. சுழல்கிற பொருளைப் பற்றி அவளிடம் கேட்பதா? கையை உயர்த்தினாள்.

“ரெண்டும் ஒரே வேகம்தான். ஒண்ணா கிளம்புது, ஒண்ணா வந்து சேருது. ஒண்ணு முந்தினா சக்கரமே பிஞ்சு போயிடுமே!”

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பிய்ந்துபோகும் சக்கரத்தை நினைத்து வந்த சிரிப்பு. ஆனால் சிரிப்பு சிரிப்புதானே.

சின்னவள் கையைக்கூட உயர்த்தவில்லை. நோட்டிலிருந்து தலை நிமிர்த்தி, “வெளிப் புள்ளிதான் டீச்சர். அதே நேரத்துல அது பெரிய வட்டம் போயாகணுமில்ல” என்றாள்.

“ரெண்டு பேரும் சரி” என்றார் டீச்சர். “எவ்வளவு கோணம் திரும்புதுன்னு பாத்தா ரெண்டு புள்ளியும் ஒண்ணுதான். எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாத்தா வெளிப் புள்ளிதான் முந்தும். ரெண்டும் வேற வேற வேகம். நான்தான் எந்த வேகம்னு சொல்லாம கேட்டுட்டேன்.”

பிறகு பலகையில் எழுதினார்: ஆரத்தைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் ஓடும் வேகம் வரும். சுழலும் வேகத்தை மட்டும் சுற்றுக் கணக்கில் வைக்காமல் ரேடியன் என்ற கோண அளவில் வைக்க வேண்டும்.

பாடப் புத்தகம் தமிழில் இல்லை, பெரியவள் பிழைக்க வந்த இந்த ஊரின் மொழியில் இருந்தது. சின்னவள் சின்ன வயதிலிருந்தே அந்த மொழியில் படித்தவள். பெரியவள் பத்தாவது வரை தமிழில் படித்தவள். அதனால் தன் நோட்டின் ஓரத்தில் தனக்கென்று இரண்டு பெயர் எழுதிக்கொண்டாள். ‘சுற்று வேகம்’, ‘ஓட்ட வேகம்’. எழுதினாளே தவிர, மனசு அதில் இல்லை. டீச்சர் சொன்ன ‘ரெண்டு பேரும் சரி’ அவள் காதில் ஆறுதல் பரிசாகத்தான் விழுந்தது. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளைக்கு ஒரு பென்சில் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

போதாக்குறைக்குச் சின்னவள் பேருந்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

“அக்கா, இந்தப் பஸ் திரும்பும்போது பாருங்க. உள் பக்கத்துச் சக்கரம் கொஞ்சம் தூரம்தான் போகும், வெளிப் பக்கத்துச் சக்கரம்...”

“எனக்குப் பாடம் எடுக்காத.”

“இல்லக்கா, சும்மா...”

“பதினாலு வருஷமா சுத்தறதைப் பாத்துட்டே நிக்கறவ நான். நீ நேத்து வந்து பெட்டிக்கு நாடா ஒட்டறவ.”

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்ன நிமிடம் பெரியவளுக்கு இனித்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கசந்தது. கசந்ததால் இன்னும் கோபம் வந்தது.

வீட்டுக் கணக்கும் அவளைக் கைவிட்டது. சைக்கிள் சக்கரத்தின் ஆரம் முப்பத்தைந்து சென்டிமீட்டர். நிமிடத்துக்கு நூற்றிருபது சுற்று. சைக்கிள் எவ்வளவு வேகம்? முப்பத்தைந்தை நூற்றிருபதால் பெருக்கினாள். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மீட்டர். கணவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஒரு மணிக்கு எவ்வளவு?”

“ரெண்டரை கிலோமீட்டர்.”

“ரெண்டரையா? இந்த வேகத்துல ஓட்டினா சைக்கிள் நிக்காதுடி, சாஞ்சுடும். இறங்கித் தள்ளிட்டே போனாலும் இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரலாம்.”

“உங்களுக்கென்ன, உங்க தம்பி பொண்டாட்டிகிட்ட போய்க் கேளுங்க.”

“நான் என்ன கேட்டேன்? சைக்கிளைப் பத்தித்தானே பேசினேன்!” என்று அவர் தப்பித்து வெளியே போனார்.

எங்கோ ஒன்று விட்டுப்போகிறது என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. எது என்று கேட்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது. கேட்பதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை சின்னவள் குளிக்கப் போனாள். அவளுடைய கணக்கு நோட்டு குளிர்பெட்டியின் மேல் இருந்தது. அதைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட், இரண்டு சுற்று. தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை பெரியவள் காத்திருந்தாள். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

“அடுத்த வீட்டுல திருடறவகூட இப்படிப் பயப்படமாட்டா” என்றாள் என்னிடம்.

முதலில் கண்ணில் பட்டது சிவப்பு மையில் வட்டமிட்ட ஒரு வரி. ‘ஒரு சுற்று = 2π ரேடியன். மறக்காதே.’ சைக்கிள் சாய்ந்த இடம் அதுதான். சுற்றை அப்படியே ஆரத்தால் பெருக்கியிருந்தாள். ஒரு சுற்றின் நீளத்துக்குள் ஆரம் ஆறு தடவைக்கும் மேல் அடங்கியிருப்பதை விட்டுவிட்டாள். மனத்துக்குள் போட்டுப் பார்த்தாள். மணிக்குப் பதினாறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சைக்கிள் எழுந்து ஓடியது.

அதோடு மூடியிருக்கலாம். பொறாமைக்காரி ஒரு பக்கத்தோடு நிறுத்தமாட்டாள். புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றாள். அங்கே ஓர் அட்டவணை இருந்தது. தலைப்பு: ‘மூணாம் நம்பர்.’

தொடக்கம், ஆறு. அரை நிமிடம், ஐந்துக்குச் சற்றுக் கீழே. ஒரு நிமிடம், நான்குக்குச் சற்றுக் கீழே. ஒன்றரை நிமிடம், இரண்டரை. இரண்டு நிமிடம், ஒன்றரை. ஏணிப்படிபோல ஒரே அளவாக இறங்கியது. கீழே மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘அக்கா கடிகாரமே பார்ப்பதில்லை.’

பெரியவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. பேக்கிங் மேசையில் நின்றுகொண்டு, நாடா ஒட்டுகிற சாக்கில், இவள் என் கையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறாள்! கடிகாரம் பார்ப்பதில்லையாம். யாரிடம் கோள் சொல்ல எழுதி வைத்தாள்?

தண்ணீர்ச் சத்தம் நின்றது. நோட்டை மூடி, ரப்பர் பேண்டை மாட்டி, குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அடுப்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

பேருந்தில் போகும்போதுதான் அட்டவணையில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது. ஒரே அளவாகவா இறக்குகிறேன்? இல்லை. கை அப்படிப் போகாது. கை முதலில் மளமளவென்று இறங்கும். பிறகுதான் பூனை நடை. சின்னவள் பெட்டி ஒட்டக் குனிந்திருந்த நேரத்தில் நடுப்பகுதியைப் பார்க்கவில்லை. தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிட்டு, நடுவே சமமாகப் படி கட்டிவிட்டாள். அந்த அட்டவணைப்படி போனால் முதல் அரை நிமிடம் தாண்டாது. தாள் அறுந்துவிடும்.

பெரியவள் அந்தப் பேருந்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதைச் சின்னவள் பார்த்தாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. ஒரு சைக்கிள் ஞாபகம்.”

தப்பு என்று தெரிந்தால் போதாது, எவ்வளவு தப்பு என்று கண்ணால் பார்க்க வேண்டும். பொறாமையின் பசி அது. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் வெளியே போனதும் மூன்றாம் நம்பரை ஓட்டினாள். வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு திருகைத் திருப்பி, பாதியில் சட்டென்று நிறுத்தினாள். எண்ணைப் பார்த்தாள்: மூன்று. குட்டி ரோலை அளவுகோலால் அளந்தாள். மையத்திலிருந்து விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர்.

மறுபடி ஓட்டி, இன்னும் பருத்தபின் நிறுத்தினாள். திருகு இரண்டில் நின்றது, ஆரம் மூன்று. முடிவில் திருகு ஒன்றரை, ஆரம் நான்கு. தொடக்கத்தில் வெறும் குழாய்க்கு ஆரம் ஒன்று, திருகு ஆறு. ஒரு பில் தாளில் இப்படி எழுதினாள்:

1 × 6
2 × 3
3 × 2
4 × 1½

நான்கையும் பார்த்தாள். எங்கே பெருக்கினாலும் ஆறு.

அவள் மெஷினைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றாளாம். தாய் ரோலிலிருந்து தாள் எப்போதும் ஒரே ஓட்ட வேகத்தில் வர வேண்டும். அதற்காகத்தான் ஆரம் ஏறும்போது சுற்று வேகம் இறங்குகிறது. பலகையில் டீச்சர் எழுதிய பெருக்கலைத்தான் பதினான்கு வருஷமாக அவள் மணிக்கட்டு போட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் ‘ரெண்டும் ஒரே வேகம்’ என்று வாய் சொன்ன அதே நாளில்கூட, கை நூறு முறை திருகை இறக்கியிருந்தது. வெறும் குழாயில் ஒரு சுற்றுக்கு இவ்வளவு தாள், பருத்த ரோலில் ஒரு சுற்றுக்கு நாலு மடங்கு. கைக்குத் தெரிந்ததைத் தலை கேட்கவே இல்லை.

சின்னவளின் தப்பைப் பிடிக்கப் போனவள் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சந்தோஷத்திலும் ஒரு முள். சின்னவள் அந்த அட்டவணை போடாமல் இருந்திருந்தால் இவள் அளந்தே பார்த்திருக்கமாட்டாள்.

எழுத்துத் தேர்வு முடிவு வந்தது. பெரியவள் எழுபத்தொன்று, சின்னவள் எண்பத்தெட்டு. இருவரும் தேறிவிட்டார்கள். கொழுந்தன் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக, “அண்ணி, ரெண்டு பேரும் பாஸ்! இனிமே இந்த வீட்டுல ஆம்பளைங்கதான் படிக்காதவங்க” என்று குதித்தான். பெரியவளும் சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கும்போது எண்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றைக் கழித்துக்கொண்டே இருந்தாள். எத்தனை முறை கழித்தாலும் பதினேழு.

இனிச் செய்முறைத் தேர்வுதான் முடிவு செய்யும். அதை மூன்றாம் நம்பரில்தான் வைப்பேன் என்று தலைமை மெக்கானிக் சொல்லிவிட்டார். “புது மெஷின்ல பட்டனை அமுக்க எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரே ஒரு தடவை. தாள் அறுந்தா அவ்வளவுதான்.”

நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் பெரியவள் வாயைத் திறக்கவில்லை. திறக்கச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. ஒரு மாலை சின்னவளே வந்து, “அக்கா, அந்தத் திருகை ஒரே சீரா இறக்கிட்டே வரணும், அவ்வளவுதானே?” என்று கேட்டாள். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எல்லாம் எழுதி வச்சிருப்பியே. அதுல என்ன இருக்கோ அதைச் செய்” என்றாள் பெரியவள்.

சொல்லியிருக்கலாம் இல்லையா என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகத் தைரியமான கேள்வி.

“எதுக்குச் சொல்லணும்?” என்றாள். “அவளுக்கு எண்பத்தெட்டு இருக்கு, வயசு இருக்கு, மொழி இருக்கு, மடிச்ச துணி இருக்கு. எனக்கு இருக்கறது இந்தத் திருகு ஒண்ணுதான். அதையும் தூக்கிக் குடுத்துட்டு நான் பேக்கிங் மேசையில நிக்கவா?”

தேர்வு நாள். சின்னவளுக்குத்தான் முதல் வாய்ப்பு. தலைமுடியை இறுக்கிக் கட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மெஷின் மேல் கண்ணெதிரே வைத்தாள். பெரியவள் எதிரே, பேக்கிங் மேசையருகே நிறுத்தப்பட்டாள். சின்னவள் வழக்கமாக நிற்கும் இடம். அங்கிருந்து பார்த்தால் திருகு பாதிதான் தெரிகிறது என்பதை அன்றுதான் கவனித்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஆறு. சின்னவளின் கண் கடிகாரத்தில். ஐந்து விநாடியிலேயே பெரியவளுக்குத் தாளின் சத்தம் மாறுவது கேட்டது. முனகலாக இருந்தது விசிலாக ஏறியது. இறங்கியிருக்க வேண்டும், இந்நேரம் ஐந்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். சின்னவள் இன்னும் ஆறைவிட்டு நகரவே இல்லை. இதோ, அறுந்துவிடும். அறுந்தால் இடம் எனக்கு. அறுந்துபோ.

அப்போது சின்னவள் சத்தத்தில் பயந்துபோய்த் தலை நிமிர்த்தினாள். அவள் பார்த்தது பெரியவளின் வலது கையை. அந்தக் கை, உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, காற்றில் இல்லாத ஒரு திருகைப் பிடித்து மளமளவென்று இறக்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் கடிகாரத்தை விட்டாள். கையைப் பார்த்தாள். கை போகிறபடியே திருகைத் திருப்பினாள். விசில் முனகலாக இறங்கியது. ஐந்து, நான்கு, மூன்று. பிறகு கை மெதுவானது; சின்னவளும் மெதுவானாள். தன் கை என்ன செய்கிறது என்று பெரியவள் உணர்ந்தபோது அது இரண்டைத் தாண்டியிருந்தது. அதற்குமேல் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. பாதியில் நிறுத்தினால் தாள் அறுந்துவிடுமே! குட்டி ரோல்கள் கொழுத்து, ஒன்றரையில் மெஷின் நின்றது.

தலைமை மெக்கானிக் ஒரு ரோலை அமுக்கிப் பார்த்தார். “நல்லா இருக்கு. ஆரம்பத்துல ஏன் அவ்வளவு லேட்டு? அப்புறம் ஏன் அவ்வளவு வேகமா இறக்கினீங்க?”

சின்னவள் மெஷின் மேலிருந்த கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டாள். நடந்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போட்ட கணக்கு தப்பு சார். அக்கா கையைப் பாத்துத்தான் இறக்கினேன்.”

அவர் பெரியவள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்? கை சொல்லும்னு சொல்லிடாதீங்க. அதைப் பத்து வருஷமா கேட்டாச்சு.”

பெரியவள் ஒரு பில் தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தாள். நான்கு வரி எழுதினாள். “எந்த இடத்துல நிறுத்தினாலும் ஆரத்தையும் திருகையும் பெருக்கினா ஆறுதான் சார். சுத்து வேகம் குறையணும், அப்பத்தான் ஓட்ட வேகம் மாறாது. மெல்லிசா இருக்கும்போது பத்து இருபது சுத்துலயே ரோல் ஆளே மாறிடும். அதனால முதல்ல சடசடன்னு இறக்கணும். பருத்த பிறகு அதே சுத்துக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, சுத்தறதும் மெதுவாத்தான்.”

மெக்கானிக் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெரியவள் தன் முறைக்கு மெஷினை ஓட்டினாள். அன்று முதல்முறையாக ஜன்னலைப் பார்க்கவில்லை. சாயங்காலம் பலகையில் ஒரே பெயர் ஒட்டியிருந்தது. அவளுடையது.

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வளைவு வந்தது; பேருந்து திரும்பியது. யாரும் சக்கரத்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்று நிறுத்தம் கழித்துச் சின்னவள் சொன்னாள்:

“நானா இருந்தா கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நின்னிருப்பேன்க்கா.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். கை கேக்கல.”

சின்னவள் சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதட்டை இறுக்கி, கண்ணைச் சுருக்கி வைத்திருந்த அந்த முகம் பெரியவளுக்கு எங்கோ பார்த்த முகமாக இருந்தது. எங்கே என்று யோசித்தாள். அடுப்படிக் கண்ணாடியில், காலையில், தன்னுடையது. ‘அக்கா கடிகாரமே பார்ப்பதில்லை’ என்று எழுதிய பேனாவுக்கும் வயிறு எரிந்திருக்கும் என்று அப்போதுதான் பட்டது. ஒரு நிமிடம் அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது. உடனே மனசு அடுத்த கழித்தலைப் போட்டது. நாற்பத்திரண்டிலிருந்து இருபத்தொன்பது போனால் பதின்மூன்று. இவளுக்கு இன்னும் பதின்மூன்று வருஷம் இருக்கிறது. எத்தனை தேர்வு எழுதுவாளோ!

மறுநாள் காலை சின்னவள் குளிக்கப் போனாள். நோட்டு குளிர்பெட்டியின் மேல் இருந்தது. பெரியவளுக்கு இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை, இடம் கிடைத்தாகிவிட்டது. ஆனாலும் பார்த்தாள்.

பழைய அட்டவணையின் மேல் நேரான ஒரு கோடு அடித்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் புதியது. அரை சென்டிமீட்டருக்கு ஒரு வரி வீதம் ஏழு வரிகள். ஆரம், திருகு, பக்கத்தில், பெரியவள் நினைத்தே பார்க்காத மூன்றாவது கட்டம்: அந்த ஆரம் வர எத்தனை விநாடி ஆகும் என்று. பதினொன்று, இருபத்தாறு, நாற்பத்தைந்து. தாளின் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். ஒரே ராத்திரியில். அட்டவணையில் ஓர் அடித்தல்கூட இல்லை.

பயிற்சிக்குப் போகப் போகிறவள் நான். இது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? அவளுக்குள் அடங்கியிருந்த அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. பெரியவள் அவசரமாகத் தன் நோட்டை எடுத்து வந்து, நின்றபடியே முதல் வரியிலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினாள். நான்காவது வரியில் இருக்கும்போதுதான் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது உறைத்தது.

“அக்கா” என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “எழுதி முடிச்சதும் ரப்பர் பேண்டை ரெண்டு சுத்து போட்டு வைங்க. போன தடவை நீங்க ஒரு சுத்துதான் போட்டீங்க.”